மாதாவும் இல்லை, ஓட்டலும் இல்லை: புதுச்சேரி மேரி கட்டடத்தின் கதை

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "குடும்பத்தோடு புதுச்சேரிக் கடற்கரைக்கு வந்திருந்தோம். ஆட்டோக்காரர் 'மேரி கட்டடத்துக்குப் பக்கத்தில் இறங்கிக்கொள்ளுங்கள்' என்றார். மாதா கோயில் என்று நினைத்து என் மனைவி செருப்பைக் கழற்றப் போய்விட்டாள். அங்கிருந்த ஒரு பெரியவர், இது நூற்றைம்பது ஆண்டுப் பழைய அரசுக் கட்டடம் என்றார். சுண்டல் விற்றவர், 'எல்லாம் இப்போது கட்டியதுதான்' என்றார். எது உண்மை? யார் அந்த மேரி? இன்னொன்று: எங்கள் பாட்டி பாகூரில் பிறந்தவர். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்புப் பதிவெல்லாம் இந்தக் கட்டடத்தில்தான் இருந்ததாகச் சொல்கிறார்கள். பாட்டியுடையதும் இங்கேதான் இருந்திருக்குமா?"

பெரியவரும் சுண்டல்காரரும் சொன்ன இரண்டுமே சரிதான். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் மேரி.

மேரி என்று எந்தப் பெண்மணியும் இல்லை. பிரெஞ்சில் நகரத் தலைவருக்கு 'மேர்' என்று பெயர், ஆங்கிலத்தில் மேயர் என்கிறோமே, அவர். அவருடைய அலுவலகம் 'மெரி'. எங்கள் பாட்டனார் தலைமுறை அதைக் குறிலாகவே, 'மெரி' என்று சொன்னது. செய்தித்தாளில் அச்சேறியபோது நெடிலாகி 'மேரி' ஆயிற்று. அதே வட்டாரத்தில், துய்மா வீதியில், தேவதைகளின் அன்னைக்கு உண்மையாகவே ஒரு மாதா கோயில் இருப்பதால் குழப்பம் முற்றிவிட்டது. உங்கள் மனைவியைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கோயிலையும் நாங்கள் ஒழுங்கான பெயரில் கூப்பிடுவதில்லை. கப்புசின் சாமியார்கள் வைத்திருந்த கோயில் என்பதால் அது 'கப்ஸ் கோயில்'. மிஷன் வீதியில் இருக்கும் பேராலயம் 'சம்பா கோயில்'. 'சேன் போல்' என்ற பிரெஞ்சு உச்சரிப்பு எங்கள் வாயில் சம்பாவாகிவிட்டது என்பார்கள். கடற்கரைச் சாலைக்குக் குபேர் சாலை என்று பெயர். வெளியூர்க்காரர்கள் செல்வத்துக்கு அதிபதியான குபேரனை நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அவர் எதுவார் குபேர், ஒன்றியப் பிரதேசமான பிறகு புதுச்சேரியின் முதல் முதலமைச்சர். இந்த ஊரில் பெயர்ப் பலகையைப் பார்த்துப் பொருள் சொல்லத் துணியக் கூடாது.

மெரிக்குப் பிரெஞ்சில் கம்பீரமான இன்னொரு பெயர் உண்டு: 'ஒத்தேல் தெ வீல்', அதாவது நகர மாளிகை. அந்த முதல் சொல்லை ஆங்கிலம் தெரிந்தவர் படித்தால் ஓட்டல் என்றுதான் வரும். மாதா கோயில் என்று வருகிறவர் பாதி, அறை கிடைக்குமா என்று வருகிறவர் மீதி.

இனி கட்டடம். 1870-71ஆம் ஆண்டுகளில் அது எழுந்தது. அந்த ஆண்டுகளில் பிரான்சின் நிலைமை பரிதாபமானது. பிரஷ்யாவிடம் போரில் தோற்று, மூன்றாம் நெப்போலியன் சிறைப்பட்டு, பேரரசு போய்க் குடியரசு வந்துகொண்டிருந்தது. தாய்நாட்டுத் தலைநகர் முற்றுகையில் தவித்த காலத்தில், ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் ஒரு சின்னக் கடற்கரை நகரில் தூண் வைத்த மாளிகை எழுந்திருக்கிறது. இரண்டு தளங்கள், கடலைப் பார்த்த நீண்ட முகப்பு, வரிசையான தூண்கள், மேலே கைப்பிடிச் சுவர். ஆளுநர் மாளிகையின் ஆடம்பரம் இதற்கு இல்லை. கடலிலிருந்து படகில் வருகிறவன் கண்ணில் முதலில் படவேண்டிய இடத்தில், கண்ணில் படவேண்டிய நீளத்தில் கட்டினார்கள், அவ்வளவுதான்.

ஆளுநர் மாளிகை என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புதுச்சேரியில் அரசுக் கட்டடம் விழுவது புதிதல்ல. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சு ஆண்ட மாளிகையையும் அதைச் சுற்றியிருந்த கோட்டையையும் 1761இல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அந்த ஆண்டு ஜனவரி 16ஆம் தேதி நகரம் சரணடைந்தது. துய்ப்ளேக்சின் துபாஷியாக இருந்து நாள்தோறும் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை அதற்குச் சில நாள் முன்புதான் கண்ணை மூடினார். பார்க்காமல் போனது அவர் செய்த புண்ணியம். 1763 பாரிஸ் உடன்படிக்கையால் ஊர் திரும்பக் கிடைத்தபோது, ழான் லா தெ லொரிஸ்தோன் என்ற ஆளுநர் பழைய வீதிக் கோடுகளின் மேலேயே நகரத்தை எழுப்பினார். ராஜ்நிவாஸ் என்று அறியப்பட்ட ஆளுநர் மாளிகை அந்தக் காலத்தது. கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களோ செஞ்சியிலிருந்து வந்தவை. இடித்ததைக் கட்டுவது, ஓரிடத்துக் கல்லை இன்னோரிடத்தில் நடுவது எல்லாம் எங்கள் ஊருக்குப் பழக்கம்.

மெரிக்குத் திரும்புவோம். கட்டடம் முதலில் வந்தது, அதற்குள் உட்காரவேண்டிய சபை பத்தாண்டு கழித்துத்தான் வந்தது. 1880 மார்ச்சில் பிரெஞ்சிந்தியப் பகுதிகள் பத்துக் 'கொம்யூன்'களாக, அதாவது நகராட்சி வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மெரி, ஒரு மேர், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள். 1907இல் பத்து பதினேழாயிற்று. புதுச்சேரிப் பகுதிக்கு மட்டும் எட்டு. கொம்யூன் என்ற சொல் இன்றும் சாகவில்லை. அரியாங்குப்பத்தில் அலுவலகப் பலகையில் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்று எழுதியிருப்பதைக் கடலூர்ச் சாலையில் வரும்போது நீங்களே பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சும் வடமொழியும் கைகோத்த அப்படி ஒரு பெயர் தமிழ்நாட்டுப் பக்கம் கிடையாது.

அதே 1880இல்தான் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் பதிவு செய்யவேண்டும் என்ற பிரெஞ்சுச் சட்டம் இந்தியர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. மெரி என்றால் எங்கள் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பதிவேடுதான். வரியும் குப்பையும் விளக்குக் கம்பமும் அப்புறம்.

என் தாத்தாவின் பிறப்புப் பதிவின் நகல் ஒன்று எங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. முத்தியால்பேட்டையில் 1919இல் பிறந்தவர். அந்தத் தாளில் எங்கே தேடினாலும் 1919 என்ற எண் கிடைக்காது. 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு' என்று சொல்லில் தொடங்கி, நாளும் சொல்லில், 'காலை பத்து மணிக்கு' என்று நேரமும் சொல்லில் எழுதியிருக்கும். குழந்தை பிறந்ததை அறிவிக்க வந்தவர் யார், வயது என்ன, தொழில் என்ன, சாட்சிகள் யார், 'பதிவு அலுவலராகிய எம்முன் தோன்றி' என்ன சொன்னார் என்று ஒரு குட்டிக் கதையே ஓடும். இது எழுத்தரின் அலங்காரமன்று. பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தின் விதியே அப்படி: எதையும் சுருக்கி எழுதக் கூடாது, தேதியை எண்ணால் எழுதக் கூடாது. ஒன்றை ஏழாக்குவதும் மூன்றை எட்டாக்குவதும் எவ்வளவு சுலபம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் ஊர்ப் பத்திரப் பதிவிலும் 'எழுத்தால்' என்று ஓர் இடம் உண்டல்லவா, அந்த எச்சரிக்கைதான்.

இன்னும் எனக்குப் பிடித்தது விளிம்பு. பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் ஓரத்தில் வெற்றிடம் விட்டிருப்பார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து திருமணம் செய்துகொண்டால், பிறப்புப் பதிவின் ஓரத்தில் அது ஒரு குறிப்பாக ஏறும். பிற்காலத்தில் இறப்பும் ஏறத் தொடங்கியது. ஒரே பக்கத்தில் நடுவில் பிறப்பு, ஓரத்தில் கல்யாணம், அதன் கீழே சாவு. என் தாத்தாவின் பக்கத்தில் கல்யாணக் குறிப்பு வேறொரு கையெழுத்தில், வேறொரு மையில் இருக்கிறது. நடுவில் எழுதியவர் அதற்குள் ஓய்வு பெற்றுப் போயிருப்பார்.

அந்தத் தாளில் தாத்தாவின் பெயரைப் படிப்பது தனிக் கலை. முத்து என்ற பெயரில் வரும் 'உ' ஓசைக்குப் பிரெஞ்சில் இரண்டு உயிரெழுத்து வேண்டும். எனவே ஆங்கிலத்தில் ஐந்தெழுத்தில் முடியும் முத்து, பிரெஞ்சில் ஏழெழுத்து நீளும். பிரெஞ்சு தெரிந்தவருக்கு அது முத்துதான். ஆங்கிலப் பள்ளியில் படித்துவிட்டு வந்த எழுத்தர் அதைப் பார்த்து 'மௌட்டௌ' என்று கூப்பிடுவார். சண்முகம் 'சானெமௌகம்' ஆவார். ரேஷன் அட்டையில் ஒரு பெயர், பழைய பதிவில் ஒரு பெயர், இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்காத குடும்பம் புதுச்சேரியில் குறைவு. எங்கள் குடும்பமும் வாங்கியது. ஓர் அலுவலகத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். நாலாவது முறை போனபோது மேசைக்குப் பின்னால் இருந்தவருக்கே பிரெஞ்சுப் பெயர். அவர் சிரித்துவிட்டு முத்திரை குத்திக் கொடுத்தார்.

பிரெஞ்சுப் பெயர் என்றதும் 'ரெனோன்சான்'களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1819இலேயே பிரெஞ்சுச் சட்டங்கள் இங்கே நடைமுறைக்கு வந்தாலும், இந்தியர்கள் தங்கள் சாதி, சமய வழக்கங்களின்படியே சொத்தும் திருமணமும் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணை ஒரு புதிய வழியைத் திறந்தது. அந்த வழக்கச் சட்டத்தை நான் துறக்கிறேன், இனி பிரெஞ்சுக் குடியியல் சட்டமே எனக்குப் பொருந்தட்டும் என்று பதிவு அலுவலர் முன்னிலையிலோ நோத்தேர், அதாவது பிரெஞ்சு நோட்டரி, முன்னிலையிலோ அறிவித்துவிடலாம். துறந்தவர் என்பதுதான் ரெனோன்சான் என்பதன் பொருள். துறக்கும்போது ஒரு குடும்பப் பெயரை வைத்துக்கொள்ளவேண்டும். நம்மிடம் அப்பா பெயர் உண்டு, ஊர்ப் பெயர் உண்டு, சாதிப் பெயர் உண்டு, குடும்பப் பெயர் என்ற ஒன்று ஏது? ஆகவே பலர் பிரெஞ்சு அகராதியிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள்.

இந்த இயக்கத்துக்கு முன்னின்றவர் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர். 1873இல் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் நுழைந்தார் என்பதற்காக அவர்மேல் நடவடிக்கை எடுத்தார்கள். இந்தியன் வெறுங்காலோடோ உள்ளூர்ச் செருப்போடோதான் வரவேண்டுமாம். அவர் பாரிஸ் உச்ச நீதிமன்றம்வரை போய் வென்றார். பிறகு தாமே துறந்து எடுத்துக்கொண்ட குடும்பப் பெயர் 'லா போர்த்', கதவு என்று பொருள். கதவைத் திறந்துவிட்டவர் என்று தம்மைப் பற்றி அவரே சொல்லிக்கொண்ட மாதிரி. தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் கிறித்தவர்களும் அந்தக் கதவு வழியாக நிறையப் பேர் போனார்கள். பதிவேட்டில் ஒரு கையெழுத்து போட்டால் சாதி எழுதாத ஒரு பெயர் கிடைக்கும் என்பது அவர்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சாதி அதோடு தொலைந்துவிடவில்லை, தெருவில் அப்படியேதான் இருந்தது. ஆனால் காகிதத்தில் போயிற்று. காகிதம் சின்ன விஷயமில்லை.

பிரெஞ்சு வழக்கப்படி சட்டம் ஏற்கும் திருமணம் மெரியில், மேரின் முன்னிலையில் நடப்பது. கோயிலில் தாலி, மாதா கோயிலில் மோதிரம் எல்லாம் உங்கள் விருப்பம். இன்றைக்கும் எங்கள் ஊரில் பழைய ஆட்கள் 'கோயில் கல்யாணம் எப்போது, மெரி கல்யாணம் எப்போது?' என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்பார்கள்.

அரசியல் பக்கம் இவ்வளவு அழகாக இல்லை. தேர்தல் வந்ததும் வாக்காளர்களைப் பட்டியல் பட்டியலாகப் பிரித்தார்கள். ஐரோப்பியருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று, 1884இல் ரெனோன்சான்களுக்குத் தனியாக ஒன்று. அந்தக் காலத்துப் புதுச்சேரி அரசியலைப் பல ஆண்டுகள் கைக்குள் வைத்திருந்தவர் சண்முக வேலாயுத முதலியார். சீர்திருத்தக்காரர்களுக்கு எதிர்முகாம். பாரிசில் நாடாளுமன்ற உறுப்பினராக ஆசைப்பட்ட பிரெஞ்சுக்காரரும் அவர் தயவில்லாமல் ஜெயிக்க முடியாது. அவர் செல்வாக்கு மங்கிய பிறகு பஞ்சாலை முதலாளி ஆன்றி கெப்லே மேராக வந்தார். தேர்தல் நாளில் தடியடியும் பெட்டி மாற்றுவதும் சகஜம். பாரதியார் 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் இருந்தார். பிரெஞ்சுக் குடியரசின் சமத்துவம் வாக்குச்சாவடியில் எப்படி இருந்தது என்பதை அவர் நேரில் பார்த்திருப்பார்.

ஆனால் இந்த நகரசபைகள் ஒருமுறை மட்டும் தங்கள் அளவுக்கு மீறிய பெரிய காரியத்தைச் செய்தன. இந்தியா விடுதலை பெற்ற பிறகு புதுச்சேரி என்ன ஆவது என்ற கேள்வியில், மக்கள் வாக்கெடுப்பின் நாளையும் முறையையும் நகரசபைகளே முடிவு செய்யட்டும் என்று 1948 ஜூனில் டெல்லியும் பாரிசும் ஒப்புக்கொண்டன. அந்த அக்டோபரில் நடந்த நகரசபைத் தேர்தலை, குழாயடி விவகாரத்துக்கான தேர்தல் என்று யாரும் நினைக்கவில்லை. இழுபறி ஆறு ஆண்டு நீடித்தது. 1954 மார்ச் 18ஆம் தேதி புதுச்சேரியும் சுற்றியுள்ள ஏழு கொம்யூன்களும், வாக்கெடுப்பே வேண்டாம், இந்தியாவோடு இணைத்துவிடுங்கள் என்று தீர்மானம் போட்டன. அதே ஆண்டு அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தார்கள். நகரசபை உறுப்பினர்களும் பிரதிநிதி சபை உறுப்பினர்களுமாகச் சேர்ந்த அந்தக் கூட்டம்தான் நாட்டை மாற்றியது. நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறிற்று. 1956இல் ஒப்பந்தம் எழுதி, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி முழுமை பெற்றது. அதற்குப் பிந்தைய ஆறு மாதத்துக்குள் விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்றார்கள். 'சொல்தா' குடும்பங்கள், அதாவது பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த குடும்பங்கள், பலவும் அப்படித் தக்கவைத்துக்கொண்டன. அதற்கும் ஆதாரம் கேட்டபோது எடுத்துக் காட்டியது மெரியின் பதிவைத்தான்.

கொடி மாறியும் கட்டடத்தில் நகராட்சி வேலை தொடர்ந்து நடந்தது. இனி அது எப்படிச் செத்தது என்று பார்க்கவேண்டும். இந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாகப் போகிறேன், ஏனென்றால் பழைய கட்டடம் எப்படிச் சாகும் என்று தெரியாமல்தான் நாம் இன்னும் பல கட்டடங்களைக் கொன்றுகொண்டிருக்கிறோம்.

அந்தக் காலத்துப் புதுச்சேரிக் கட்டடம் என்றால் செங்கல், சுண்ணாம்பு, தேக்கு. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு. மணலோடு குழைத்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் சேர்த்துப் பல நாள் புளிக்கவைத்த சாந்து. கூரைக்கு நம் பக்கத்து 'மெட்ராஸ் டெரஸ்' முறை: தேக்கு உத்திரங்களைச் சுவரில் செருகி, அவற்றின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்கோட்டில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். முத்தியால்பேட்டையில் எங்கள் பழைய வீட்டின் முற்றத்துத் தளத்தைப் புதுப்பித்தபோது இதை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். பாட்டும் அடியும் ஒரே தாளத்தில் போகும். அடிக்கும் சத்தம் 'பொத்' என்பதிலிருந்து 'டக்' என்று மாறினால் தளம் இறுகிவிட்டது என்று மேஸ்திரி காதாலேயே சொல்லிவிடுவார்.

சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். மழையில் குடித்த ஈரத்தை வெயிலில் திருப்பிக் கொடுத்துவிடும். இதன்மேல் சிமெண்ட் பூசினால் அந்த வாசல் அடைபடும். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் செங்கல்லை ஊறவைக்கும். கடல் காற்றில் வரும் உப்பு சுவருக்குள் படிகமாகிப் பூச்சைச் செதில் செதிலாக உதிர்க்கும். மேல்தளத்தில் ஒரு தட்டோடு பெயர்ந்தால் ஐப்பசி மழை இறங்கும். இறங்கும் தண்ணீர் நேராகப் போய் நிற்குமிடம், உத்திரத்தின் முனை சுவருக்குள் செருகியிருக்கும் பொந்து. நடுவில் கட்டைபோல நிற்கும் தேக்கு, முனையில் மட்டும் மக்கிப் போயிருக்கும். கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. கைப்பிடிச் சுவரின் விரிசலில் ஓர் அரசஞ்செடி முளைத்தால் போதும், மீதியை அதன் வேர் பார்த்துக்கொள்ளும். இத்தனைக்கும் மருந்து விலை உயர்ந்ததல்ல. ஆண்டுக்கொரு முறை மழைக்கு முன் ஒருவர் ஏணி வைத்து ஏறி, செடியைப் பிடுங்கி, தூம்புவாயை அடைத்திருக்கும் சருகை அள்ளி, ஓடு பெயர்ந்த இடத்தில் சாந்து வைக்கவேண்டும். அவ்வளவுதான். அரசுக் கட்டடத்தில் அந்த ஒருவர் யார் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

2014 நவம்பர் 29, சனிக்கிழமை. கார்த்திகை மழை பெய்து ஊறிப் போயிருந்த நாள். கடற்கரைச் சாலையில் 144 ஆண்டு நின்ற மெரி சரிந்து விழுந்தது. மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது தடுப்புக்கு இந்தப் பக்கம் ஊரே நின்றுகொண்டிருந்தது. யாரும் உரக்கப் பேசவில்லை. இழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி, ஒவ்வொருவரும் பக்கத்தில் நின்றவரிடம் தாழ்ந்த குரலில் தன் உறவைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: "எங்கள் அப்பா கல்யாணம் இங்கேதான் பதிந்தது." செங்கல் குவியலுக்கு நடுவே நின்ற தேக்குத் துண்டுகளை மட்டும் ஒரு பழைய மரக்கடைக்காரர் கண்ணாலேயே எடை போட்டுக்கொண்டிருந்தார். அதுவும் இழவு வீட்டு வழக்கம்தான்.

ஆக, சுண்டல்காரர் சொன்னது சரி. நீங்கள் பார்த்தது புதிய கட்டடம். உலக வங்கியின் நிதியுதவியோடு நடந்த கடலோரப் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டத்தில் ஏறத்தாழ 15 கோடி ரூபாய் செலவில், பழைய முகப்பை அப்படியே பின்பற்றிக் கட்டி முடித்தார்கள். 2021 பிப்ரவரி 25ஆம் தேதி பிரதமர் திறந்துவைத்தார். நூற்றைம்பது ஆண்டு என்று சொன்ன பெரியவரும் தவறில்லை. இடம் அது, உருவம் அது, பெயர் அது.

வேலை பழையதா என்றால்தான் எனக்கு நாக்குத் தடுக்கிறது. நகல் கட்டடம் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள், நான் அந்தக் கட்சியில் இல்லை. கோயிலில் திருப்பணி செய்து விமானத்தையே புதிதாக எழுப்பிக் குடமுழுக்கு நடத்தினாலும் நாம் அதைப் புதுக் கோயில் என்பதில்லை. பழைய மூலவர் இருக்கிறார், பூசை நடக்கிறது, ஆகவே அது பழைய கோயில்தான். மெரிக்கு மூலவர் யார்? தேர்ந்தெடுக்கப்பட்ட சபை. 1968இல் ஒரு நகராட்சித் தேர்தல் நடந்தது. பழைய பிரெஞ்சு ஆணைகளுக்குப் பதிலாக 1973இல் புதிய நகராட்சிச் சட்டம் வந்தது. ஆனால் அடுத்த தேர்தல் வந்தது 2006இல், 38 ஆண்டு கழித்து. அந்தச் சபையின் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் அறிவித்த தேர்தல் தள்ளிப் போயிற்று. அதே ஆண்டில்தான் கட்டடத்துக்குத் திறப்பு விழா. குடமுழுக்கை நன்றாக நடத்திவிட்டுக் கருவறையைக் காலியாக விட்ட மாதிரி இருக்கிறது. வெளிநாட்டுக்காரரின் ஆட்சியில் பெட்டி மாற்றியாவது தேர்தல் நடந்தது என்று என் தாத்தா சொல்லியிருப்பார். அவருக்கு வாய்த்துடுக்கு அதிகம்.

கடைசியாக உங்கள் பாட்டி. பாகூரில் பிறந்தவர் என்றால் அவருடைய பதிவு இந்தக் கட்டடத்தில் இருந்திருக்க வாய்ப்பில்லை. 1880இல் பிரித்த முதல் பத்துக் கொம்யூன்களிலேயே பாகூரும் ஒன்று, அதற்குத் தனி மெரி. எனவே முதலில் விசாரிக்கவேண்டிய இடம் இன்றைய பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம், உங்களுக்கும் கடலூரிலிருந்து அதுதான் பக்கம். போகும்போது இரண்டு விஷயம் கையில் இருக்கட்டும். ஒன்று, பிறந்த ஆண்டு. அந்தக் காலத்தில் வயதைக் குத்துமதிப்பாகச் சொல்வார்கள், ஆகவே முன்னும் பின்னும் மூன்று ஆண்டு சேர்த்துத் தேடச் சொல்லுங்கள். இரண்டு, பாட்டியின் பெயரையும் அவர் தந்தையின் பெயரையும் பிரெஞ்சு முறையில் எப்படி எழுதியிருப்பார்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் எதிரில் இருக்கும் பெயரையே தாண்டிப் போய்விடுவார்கள்.

அங்கே கிடைக்காவிட்டாலும் மனம் தளரவேண்டாம். பிரெஞ்சுக்காரர்கள் பதிவேட்டை ஒரே பிரதியாக வைத்தவர்கள் இல்லை. கப்பல் மூழ்கும், காகிதம் மக்கும், கறையான் தின்னும் என்று 1776லேயே ஓர் ஆணை போட்டு, குடியேற்ற நாடுகளின் பதிவுகளில் ஒரு பிரதி பிரான்சுக்கு வந்துசேரவேண்டும் என்று வைத்திருந்தார்கள். அந்தப் பழைய பிரதிகள் தென்பிரான்சில் எக்ஸ் நகரத்துக் கடல்கடந்த பகுதிகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறார்கள். பிற்காலத்தவை, பிரெஞ்சுக் குடியுரிமை தொடர்பானவை என்றால் நாந்த் நகரில் வெளியுறவு அமைச்சகத்தின் மையப் பதிவு அலுவலகம். பாட்டியின் பக்கம் கிடைத்துவிட்டால், நடுவில் எழுதியிருப்பதை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஓரத்தையும் சேர்த்து எடுங்கள்.